குளமும் கோட்டமும்: பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்களின் வாழ்வும் பணியும்

திருக்கோணேஸ்வரத்தின் வரலாற்றைக் கூறும் 'கோணேசர் கல்வெட்டு' என்னும் பழைய நூலிலே குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் வருகின்றது. கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்தவனும், அக்கோயிலின் நித்திய பூசைக்கு நெல் விளைய வேண்டுமென்று கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவனும் அவனே என்பது ஐதிகம். கோட்டம் என்றால் கோயில். குளமும் கோட்டமும் கட்டியதனால் குளக்கோட்டன் ஆயினான் என்று பெரியோர் பெயருக்கு விளக்கம் சொல்வர்.

மாத்தளை மாவட்டத்தில் வாழும் அடியார்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை போலத் தோன்றலாம். அப்படியல்ல. மாத்தளை நகரை ஒட்டி ஓடும் சுதுகங்கை அம்பன் கங்கையிலே சேர்கின்றது. அம்பன் கங்கையை ஏலஹெரவில் மறித்துத் திருப்பிய பழைய கால்வாய் மின்னேரியாவுக்குப் போய், அங்கிருந்து கவுடுல்ல வழியாகக் கந்தளாய் வரை நீளுகின்றது. நமது மலைகளில் பெய்த மழையில் ஒரு பங்கு இன்றும் குளக்கோட்டன் குளத்துக்குப் போகின்றது என்பதைப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டிக் கொடுக்கலாம்.

குளத்தையும் கோட்டத்தையும் ஒருங்கே நினைத்த மனிதர்கள் மன்னர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. கடந்த நூற்றாண்டிலே, அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே தமது ஆயுளின் முற்பாதியைக் குளங்களுக்கும் பிற்பாதியைக் கோயில்களுக்கும் கொடுத்த ஒருவர் இருந்தார். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள். 1905ஆம் ஆண்டு பிறந்து 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிவபதமடைந்தவர். தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் பூவுலகில் வாழ்ந்தவர்.

அன்னாரின் பூர்வீகம் நல்லூர். தகப்பன் பெயர் சண்முகம், மகன் பெயர் ஆறுமுகம். இரண்டும் ஒரே பொருள் தரும் முருகன் நாமங்கள். கந்தசுவாமி கோயில் மணியோசை கேட்கும் ஊரிலே பிள்ளைக்குப் பெயர் வைக்க அதிகம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது. பொறியியல் கற்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து பிரதிப் பணிப்பாளர் வரை வந்தார். பின்னர் நீர்வளச் சபையிலும் பணிபுரிந்தார்.

அக்காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளரின் வேலை மேசையில் இருந்து கையொப்பமிடும் வேலையல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து டி.டி.ரி. மருந்து தெளிக்கப்படும் வரையில் இலங்கையின் வரண்ட வலயம் முழுவதும் மலேரியாவின் ஆட்சியிலே இருந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் அந்தக் காய்ச்சல் ஈரவலயத்துக்கும் பரவிப் பல்லாயிரம் பேரை விழுங்கியது. அத்தகைய காடுகளுக்குள்ளேதான் தூர்ந்துபோன பழைய குளங்கள் கிடந்தன. அணை எங்கே உடைந்தது, துருசு எங்கே இருந்தது, எத்தனை ஏக்கருக்கு நீர் பாயும் என்று அளந்து எழுதிக்கொண்டு வந்தால்தான் திருத்த வேலைக்குப் பணம் கேட்கலாம். ஒரு குளம் உடைந்து கிடந்தால் அதன் கீழே ஊர் இராது. ஊர் இல்லாவிட்டால் குளக்கட்டில் உள்ள பிள்ளையாருக்கு விளக்கு வைக்க ஆள் இராது. வன்னியில் குளக்கட்டுப் பிள்ளையாரையும் ஐயனாரையும் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

அன்னாரின் பெயரை நிலைநிறுத்தியது 1954இல் அவர் வெளியிட்ட யாழ்ப்பாணத்துக்கான நீர்த் திட்டம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்றும் 'ஆறுமுகம் திட்டம்' என்றும் அது சொல்லப்படும். மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு இதன் அவசியம் சட்டென்று புரியாது. இங்கே எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் ஓர் ஓடை இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து, அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தின் கீழே ஊறியிருக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கும். அந்த நன்னீரைத்தான் கிணறுகளில் அள்ளுகின்றார்கள். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் அள்ளிய அளவு குறைவு. இயந்திரத்தால் இறைக்கத் தொடங்கியபின் நன்னீர்ப் படை மெலிய, கீழிருந்து உவர் ஏறியது.

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடியவர்கள் கடற்கரையின் அருகிலேயே நன்னீர் ஊற்றெடுப்பதைக் கண்டு அதிசயித்திருப்பார்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் விழுந்த எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்றும் ஒரு கதை உண்டு. பக்தனுக்கு அது தீர்த்த மகிமை. நீரியல் கற்றவனுக்கோ சுண்ணாம்புக்கல்லின் குகைவழிகளால் மழைநீர் கடலை நோக்கிப் போகின்றது என்பதற்கு அது சாட்சி. இரண்டு பார்வையும் ஒருவரிடத்திலே இருக்கக்கூடாது என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

ஆறுமுகம் அவர்களின் திட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். வன்னியிலே பாயும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சம் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகின்றது. அந்த ஏரி கிழக்கே சுண்டிக்குளத்தில் கடலோடு திறந்திருப்பதால் விழுந்த நன்னீர் உப்பாகிப் போகின்றது. சுண்டிக்குளத்தில் வான் வைத்த அணை ஒன்றைக் கட்டி, மேற்கே வீதியும் புகையிரதப் பாதையும் போகும் பக்கத்தையும் அடைத்துவிட்டால், ஏரி சில மாரிகளில் உப்பைக் கழித்து நன்னீர்த் தேக்கமாகிவிடும். அங்கிருந்து முள்ளியான் வழியாக ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் வெட்டினால், நீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் வரும். அதிலிருந்து உப்பாற்றுக்கும் வரும். வடமராட்சி ஏரி கடலைச் சந்திக்கும் தொண்டைமானாற்றிலும், உப்பாறு கடலைச் சந்திக்கும் அரியாலையிலும் கதவுள்ள தடுப்பணைகள் இருந்தால், கடல் உள்ளே வராது. மழை மிஞ்சும்போது கதவைத் திறந்து வெள்ளத்தையும் உப்பையும் வெளியேற்றலாம். குடாநாட்டின் நடுவே நன்னீர் தங்கி நிற்க, அது மெல்ல ஊறிக் கிணறுகளை இனிப்பாக்கும். கரையோரத்து உவர் நிலங்களும் காலப்போக்கில் பயிர் நிலமாகும்.

தொண்டைமானாறு என்றவுடன் அடியார்களுக்கு நினைவு வருவது செல்வச்சந்நிதி முருகன் அல்லவா. அன்னதானக் கந்தன் என்று பேர் பெற்ற அந்தச் சந்நிதானம் இந்த ஆற்றங்கரையிலேதான் இருக்கின்றது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் பாதயாத்திரையும் அங்கிருந்தே புறப்படும். சோழர் காலத்திலே கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்பதால் அந்தப் பெயர் வந்ததென்பது வழிவழி வந்த கதை. அப்படிப் பார்த்தால் அங்கே நீரை வழிப்படுத்தும் வேலையும் கந்தன் கோயிலும் நெடுங்காலமாகவே அயலவர்கள்.

கடல்நீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் ஆறுமுகம் அவர்களுக்கு முன்பும் பலருக்கு இருந்தது. ஒல்லாந்தர் காலம் முதற்கொண்டு அதைப் பற்றிய பேச்சு உண்டு. சிதறிக் கிடந்த யோசனைகளை ஒரே திட்டமாகக் கோத்து, எந்த அணையால் எந்த நீர் எங்கே போகும் என்று காட்டியதுதான் அவர் செய்தது. அவர் பெயரைச் சொல்லித் திட்டத்தை அழைப்பது அதனாலே பொருந்தும்.

வேலையும் தொடங்கியது. தடுப்பணைகள் எழுந்தன. ஆனையிறவுப் பக்கத்திலும் வேலை நடந்தது. முள்ளியான் வாய்க்காலில் பெரும்பங்கு வெட்டியும் ஆயிற்று. 1960களிலே பணம் நின்றது. வாய்க்கால் முடியவில்லை. சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. பராமரிப்பு இல்லாத கதவுகள் இற்றுப்போயின. அரசாங்கக் கந்தோரில் இருந்தவர்களுக்கு இது புதுமையான சங்கதி அல்ல. ஒரு கோப்புக்கு எதிரியாக யாரும் இருக்கவேண்டிய அவசியமில்லை. அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டை எழுதும்போது ஒருவர் மறந்தாலே போதும். அதன்பின் யுத்தம் வந்தது. ஆனையிறவு என்ற பெயரை உலகம் ஏரியாக அல்ல, போர்க்களமாகவே அறிந்தது. யுத்தம் முடிந்தபின் இரணைமடு நீரைக் குழாய்வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை வந்தபோது, தங்கள் வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆறுமுகம் திட்டம் எழுதப்பட்டு அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமது கண்முன்னே தமது வேலை அரைகுறையாக நின்றதைக் கண்ட மனிதர், கசந்துபோய் மூலையில் இருந்திருந்தால் எவரும் குறை சொல்லமாட்டார்கள். அன்னாரோ அந்த அலைச்சலில் தாம் கண்டும் அளந்தும் சேர்த்தவற்றை எழுதத் தொடங்கினார். 1969இல் நீர்வளச் சபை வெளியிட்ட 'இலங்கையின் நீர்வளங்கள்' என்ற பொருள்படும் அவரது ஆங்கில நூல், நாட்டின் ஆறுகளையும் குளங்களையும் தேடிப் படிப்பவர்கள் பல தசாப்தங்களாக எடுத்துப் பார்க்கும் நூலாக விளங்குகின்றது.

ஓய்வுக்குப் பின்னர் அவர் கோயில்களுக்குத் திரும்பினார். இலங்கையின் புராதன இந்து ஆலயங்களைப் பற்றிய அவரது நூல் 1980இல் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து மேலும் பல ஆலயங்களைச் சேர்த்து இன்னொரு நூலும், கொழும்புக் கோயில்களின் கற்சிற்பங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். திருக்கேதீஸ்வரத்துக்கும் தனி நூல் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதியிருந்தால் நமது ஊர்களில் அதிகம் பேர் படித்திருப்பார்களே என்ற ஆதங்கம் எழத்தான் செய்கின்றது. ஆயினும், இலங்கைத் தீவின் சமய வரலாற்றை எழுதும் பிறமொழி அறிஞர்கள் சைவாலயங்களைக் கணக்கில் எடுக்காமல் போகாதபடி அந்த நூல்கள் வாசலில் நிற்கின்றன என்பதையும் நினைக்கவேண்டும்.

நீர்ப்பாசனத்தவர் கோயில் வரலாறு எழுதினால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். திருக்கேதீஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தக்கரை. அந்நியர் கையால் அழிந்து காடு மூடிக் கிடந்ததை மீட்கவேண்டும் என்று நாவலர் பெருமான் 1872இல் குரல் கொடுத்தார். 1948இல் திருப்பணிச் சபை அமைந்தபின் சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள் அதற்காகவே தம்மை ஒப்புக்கொடுத்தார். அருகே கட்டுக்கரைக் குளம். அதன் கீழே மாந்தையின் நெல்வயல். குளத்தை அறியாதவன் அந்தக் கோயில் அங்கே எப்படி வாழ்ந்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது.

திருகோணமலையிலும் ஒரு நிகழ்ச்சி. கோணேஸ்வரம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் மறைந்திருந்த பஞ்சலோகத் திருவுருவங்கள் 1950இல் வெளிப்பட்டன. தோண்டியவர்கள் தொல்பொருள் ஆய்வாளர்கள் அல்லர். கிணறு வெட்டிய தொழிலாளர்கள். நீர் தேடிய மண்வெட்டிக்கு இறைவன் தட்டுப்பட்டார். 1963இல் கோணேசர் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டார்.

1980 என்ற அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வருடம் கழித்து 1983 ஜூலையில் வந்த தீயை மாத்தளை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும் அதற்குத் தப்பவில்லை. இன்று 108 அடி இராஜகோபுரத்தோடும் மாசிமகத்துப் பஞ்சரதத்தோடும் அம்பாள் வீற்றிருப்பதைக் காணும் இளையவர்கள் அந்த நாளை அறியமாட்டார்கள். 1990இல் திருக்கேதீஸ்வரத்துக்கு அடியார் போகமுடியாத நிலை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கீரிமலை நகுலேஸ்வரம் குண்டுவீச்சில் சிதைந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, எந்த ஆலயம் எங்கே எப்படி இருந்தது என்று ஒருவர் போய்ப் பார்த்து எழுதி அச்சேற்றி வைத்திருந்தார். அழிவு வருமென்று அறிந்து எழுதியிருக்கமாட்டார். திருத்த வேலைக்கு முன் குளத்தை அளந்து பதிகின்ற பழக்கம் கோயிலிலும் கைகொடுத்தது என்றே கொள்ளவேண்டும்.

அதே 1980இல் மாத்தளை மாவட்டத்திலும் நீரும் கோயிலும் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் நிறைவேறியது. தம்புள்ளை வீதியில் நாலந்தாவில் உள்ள கெடிகே என்னும் கற்கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். பல்லவர் பாணியில் அமைந்த, நமது கோயில் போலவே தோற்றமளிக்கும் பழைமையான கட்டடம். மகாவலித் திட்டத்தின் பொவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கும் நிலை ஏற்பட்டபோது, கல் கல்லாகக் கழற்றி உயரமான இடத்திலே திரும்பவும் அடுக்கினார்கள். எந்தக் கல் எங்கே இருந்ததென்ற பதிவு இல்லாமல் அந்த வேலை நடக்காது.

மலையகத்துக் கோயில்களுக்கு அத்தகைய பதிவு மிகவும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், வழியில் கொள்ளைநோய்க்கு உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், கையில் கொண்டுவந்த பிடிமண்ணையும் சூலத்தையும் வைத்து அம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டார்கள். மாத்தளை அம்மனின் தொடக்கமும் அந்த நடைபயணத்தோடு சேர்ந்ததே. தோட்டத்துக் கோயில் எந்த ஆண்டு மண் சுவரானது, எந்த ஆண்டு தகரக் கூரையானது, முதல் பூசாரி யார், திருவிழாவுக்குக் கரகம் எந்த ஓடையில் பாலித்தார்கள் என்பதெல்லாம் கிழவர்களின் வாயில்தான் இருக்கின்றது. அதைக் கேட்டு எழுத ஒரு பொறியியலாளர் வரவேண்டும் என்பதில்லை. சீ.ஆர். கொப்பி ஒன்றும் பேனாவும் போதும். கிழவர்கள்தான் காத்திருக்கமாட்டார்கள்.

ஆறுமுகம் அவர்கள் மனிதர்களையும் இவ்வாறே பதிந்தார். 1997இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், இலங்கைத் தமிழர்களின் வாழ்க்கைச் சரித்திர அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்படியொரு அகராதிக்கு ஆட்களின் பிறந்த ஆண்டு, பெற்றோர், கற்ற பள்ளிக்கூடம், வகித்த பதவி என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். கடிதம் எழுதவேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதவேண்டும். இலிகிதர் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். அந்த வயதில் பலர் தமது பேரப்பிள்ளைகளின் பெயரையே மாற்றிக் கூப்பிடுவார்கள்.

அவருடைய குடும்பத்திலும் இந்த வழி தொடர்ந்தது. மகன் ஒருவரும் பொறியியலாளராகி, தந்தையார் இல்லாத காலத்திலே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் வரலாற்றை எழுதியிருக்கின்றார். சிராத்தம் செய்வதோடு கடமை முடிந்ததென்று இராமல், தகப்பன் விட்ட வேலை எந்த இடத்தில் நிற்கின்றது என்று மகன் உலகுக்குச் சொல்வது பெரிய பேறு.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அன்னார் இறைவனடி சேர்ந்தார். ஆனையிறவில் அப்போதும் யுத்தம். திருக்கேதீஸ்வரமும் அப்போது அடியார்களுக்குத் திறந்திருக்கவில்லை. அவருடைய நூல்களை வாசிக்க விரும்பும் உயர்தர வகுப்பு, பல்கலைக்கழக மாணவர்கள், நூலகம் என்னும் தமிழ் இணைய நூலகத்தில் அவருடைய பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். வாழ்க்கைச் சரித்திர அகராதி அங்கே வாசிக்கக் கிடைக்கின்றது.